சொல்தா தோட்டத்துச் சுவர்

குஞ்சம்மாளுக்குக் கோபம் வந்தால் புதுச்சேரியில் சாரம் பகுதியில் அவள் குடியிருந்த சந்துக்கே தெரிந்துவிடும். குடத்தைக் கீழே வைக்கிற சத்தத்திலேயே தெரியும். குழாயடியில் எவளாவது வரிசை தாண்டி வந்தால், அவளையும் அவளைப் பெற்றவர்களையும் நடுத்தெருவுக்கு இழுத்துவிட்டுத்தான் தன் குடத்தைத் தூக்குவாள். அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று மட்டும் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. மற்றவர்களுக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

பிறந்தது தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில், குடியானவர் வீட்டில். மாப்பிள்ளை மில்லில் வேலை என்று சொல்லி சாமிக்கண்ணுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மில் வேலை என்றால் அந்த நாளில் பாதி கவர்மெண்டு உத்தியோகம். இவள் வந்த நேரமோ என்னமோ, ஸ்டிரைக், லாக்அவுட், மறுபடி ஸ்டிரைக் என்று மில் ஓடின நாளைவிட மூடிக்கிடந்த நாள்தான் அதிகம். சாமிக்கண்ணு சாதுவான ஆள். காலையில் எழுந்து, சங்கு ஊதுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவான். குஞ்சம்மாள் முதலாளியைத் திட்டினாள், சங்கத்தைத் திட்டினாள், கேட்டுக்கு எதிரே மேடை போட்டுப் பேசினவர்களைத் திட்டினாள். திட்டிப் பார்த்து அடுப்பு எரியவில்லை என்று தெரிந்ததும், எழுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

ரெட்டியார்பாளையம் தாண்டி ரோட்டோரமாக ஒரு செடித் தோட்டம் இருந்தது. தெய்வசிகாமணி என்பவருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் பேர் மறந்துபோய் அது சொல்தா தோட்டம் ஆகிவிட்டது. நேரில் அவரைக் கூப்பிடுவது முசியே, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. மனுஷன் பிரான்சில் வீட்டுக்கு வீடு புல்தரை பார்த்துவிட்டு வந்திருந்தார். புதுச்சேரி முழுக்கப் புல்தரை போட்டுவிடவேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. சினிமாக் கொட்டகையில் ஸ்லைடு போட்டார். ரிக்‌ஷாவில் மைக் கட்டி நோட்டீஸ் இறைத்தார். தோட்டத்துக்கு முன்னால் மெத்தை மாதிரி ஒரு புல்தரை வளர்த்து, மிதிக்காதீர் என்று போர்டு வைத்தார். யாரும் மிதிக்க வரவில்லை. ஊர் மாடுகள்தான் ஆசையாகப் பார்த்துக்கொண்டு போயின.

வேலை கேட்டு வந்த குஞ்சம்மாளை அந்தப் புல்தரையில் உட்காரவைத்துக் களை எடுக்கச் சொன்னார். எது களை என்று கேட்டாள். இந்தப் புல் இருக்கவேண்டும், அந்தப் புல் போகவேண்டும் என்று காட்டினார்.

"புல்லுக்குள்ள புல்லப் புடுங்கறதா? எங்க ஊர்ல புல்லப் புடுங்கத்தான் கூலி குடுப்பாங்க. நீங்க அத வெலைக்கு வாங்கி நட்டு, தண்ணியும் ஊத்தறீங்களே முசியே, பட்டாளத்துல தலையில எதுனா அடிபட்டுச்சா?"

வேறு முதலாளியாக இருந்தால் அப்போதே போ என்று சொல்லியிருப்பார். தெய்வசிகாமணி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளும் வரச்சொன்னார்.

வியாபாரம் அவள் கைக்கு வந்தது அவள் வாயால்தான். கடற்கரைப் பக்கத்து பங்களா வீட்டு அம்மா ஒருத்தி ரோஜாச் செடி கேட்டு வந்தாள். குஞ்சம்மாள் செடியை எடுக்கவில்லை. வாசல் எந்தப் பக்கம், எதிரே மாடி வீடு உண்டா, தண்ணீர் ஊற்றப்போவது நீயா வேலைக்காரியா என்று போலீஸ் மாதிரி விசாரித்தாள். "வடக்கப் பாத்த வாசலு, எதிர்ல ரெண்டு மாடி. வெயிலு எந்த வழியா வரும்? ரோசாவ இட்டுக்கினு போயி சாவடிக்கப் போறீங்களா? இந்தக் குரோட்டன்ஸ எடுத்துக்கினு போங்க." அந்த அம்மா முகம் சிவந்து போனாள். அடுத்த வாரம் இரண்டு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்படியே பரவி, திட்டுகிற செடிக்காரியிடம்தான் செடி வாங்கவேண்டும் என்று ஆகிவிட்டது. காசு கொடுத்துத் திட்டு வாங்க இந்த ஊரில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

எண்பத்திரண்டு, எண்பத்துமூன்று வாக்கில் மணி பிளாண்ட் பைத்தியம் வந்தது. வீட்டில் அந்தக் கொடி படர்ந்தால் பணம் வருமாம். அதோடு விட்டார்களா? விலைக்கு வாங்கினது தழைக்காதாம், ஒருத்தர் கொடுத்ததும் தழைக்காதாம், திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் தழைக்குமாம். எந்தப் புண்ணியவதி கிளப்பிவிட்டாளோ தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றுகிறவள்கூட அடுத்த வீட்டு ஜன்னலில் கை விட்டாள். சொல்தா தோட்டத்து வாசலில் தொங்கின கொடிகளுக்கு தினமும் கை கால் போயிற்று. தெய்வசிகாமணி தடியை எடுத்துக்கொண்டு, "வொலேர்! வொலேர்!" என்று கத்தியபடி ரோடு வரைக்கும் துரத்துவார். பிரெஞ்சில் திருடன் என்கிறார் என்பது அந்தத் தெரு நாய்களுக்கே தெரிந்துபோயிற்று.

குஞ்சம்மாள்தான் தடியைப் பிடுங்கிப் போட்டாள்.

"ஏன் முசியே தொரத்தறீங்க? ஸ்லைடு போட்டு வராத ஜனம், திருடறதுக்கு வருது. வரட்டுமே. ஒடிச்சிக்கினு போனவ சும்மா இருப்பாளா? எந்தப் பாட்டில்ல வைக்கிறது, எத்தினி நாளைக்கி ஒருவாட்டி தண்ணி மாத்தறதுன்னு கேக்க இங்கதான வரணும்? வந்தா வெறுங்கையோட அனுப்புவனா நானு?"

தெய்வசிகாமணி நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். மறுநாள் ரோட்டோரத்துக் குட்டைச் சுவர் நெடுக மணி பிளாண்ட் தொட்டிகள் ஏறின. கொடிகள் எல்லாம் ரோட்டுப் பக்கம் தொங்கின. அதற்கு ஒரு முறையும் வைத்தாள் குஞ்சம்மாள். எவளாவது சுவர்ப் பக்கம் வந்து இப்படியும் அப்படியும் பார்த்தால், "ஏய், அங்க தண்ணி பாய்ச்சு!" என்று இவள் குரல் கொடுப்பாள். உடனே தோட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளவேண்டும். திரும்பிப் பார்த்தவனுக்கு அன்றைக்கு அவளிடம் அர்ச்சனை உண்டு. வந்தவள் கொடியை ஒடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு, நெஞ்சு படபடக்க ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

அப்புறம் குழாயடியில் ஒருத்தியை மட்டும் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சொல்தா தோட்டத்துச் சுவரில் திருடினால் உடனே துளிர்க்கிறது என்று சொன்னாள். வாரம் திரும்புவதற்குள் அது ஊரெல்லாம் போயிற்று. ரிக்‌ஷாவில் வந்தார்கள், காரில் வந்தார்கள். திருடினவர்கள் திரும்பி வந்து தொட்டி வாங்கினார்கள், எரு வாங்கினார்கள், ரோஜா வாங்கினார்கள். மனசு உறுத்தினதால் பேரம் பேசாமல் வாங்கினார்கள். வந்த இடத்தில் புல்தரையைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி போட்டுக்கொடுங்கள் என்றார்கள். தெய்வசிகாமணி சந்தோஷத்தில் குஞ்சம்மாளுக்குப் பிரெஞ்சில் நன்றி என்று மெர்சி சொன்னார். மெர்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு, அவள் கூலியைக் கூட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அவர் மருமகன் இராமதாஸ் வந்து சேர்ந்தான். மெட்ராசில் உரக் கம்பெனிக்கு ஊர் ஊராக விற்றுக்கொடுத்த ஆள். சஃபாரி சூட்டும் கூலிங் கிளாசுமாக வந்து, இனிமேல் தோட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்றான். வார்த்தைக்கு வார்த்தை பப்ளிசிட்டி என்பான். சுவர் விஷயத்தைக் கேட்டதும் குஞ்சம்மாளை மேலும் கீழும் பார்த்தான். "பரவாயில்லையே" என்றான். நாய்க்குட்டி கை கொடுத்தால் சொல்கிற மாதிரியான பரவாயில்லை அது. அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று.

எண்பத்துநாலில் சுவருக்குக் கூட்டம் குறைந்தது. இரண்டு வருஷமாக யாருமே பிடிபடவில்லை என்றால் அது என்ன திருட்டு? சொல்தா தோட்டத்தில் கண்டுகொள்ளமாட்டார்கள், அது ஓசிக் கொடிதான் என்று பேச்சு வந்துவிட்டது. இராமதாஸ் மாமனாரிடம் சொன்னதைக் குஞ்சம்மாள் தன் காதால் கேட்டாள். "பயம் போயிடுச்சு மாமா. ஒருத்தரப் புடிச்சு நாலு பேர் பாக்கற மாதிரி பண்ணினா போதும். மறுபடி சூடு புடிக்கும்." ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். சிரித்துக்கொண்டே பேசுகிறவன் செய்யமாட்டான் என்று நினைத்துவிட்டாள்.

குஞ்சம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி சின்னப்பாப்பா. அவள் புருஷனும் மில்தான், அவனும் டீக்கடை பெஞ்சுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு அம்மி, ஒரு தீப்பெட்டி. சின்னப்பாப்பாவின் மகள் கமலாவுக்கு ரெட்டியார்பாளையத்தில் நல்ல இடம் வந்திருந்தது. பையன் லாரி ஆபீசில் கணக்கு எழுதினான். அவன் அம்மா ஆயம்மா வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, தை மாசம் பரிசம் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சின்னப்பாப்பாவுக்கு மனசு நிறையக் கவலை.

"யக்கா, எல்லாரும் சொல்றாங்களே, அந்தக் கொடி வச்சா தடங்கலு வராதாமே. நீ ஒண்ணு கொண்டாந்து குடேன்."

"நான் குடுத்தா எப்படிடி தழைக்கும்? நாளைக்கி பொழுது சாயச்ச வா. நீயே ஒடிச்சிக்கோ. நான் திரும்பிக்கிறேன்."

சுவர்க் கொடியின் கதை தான் கட்டிவிட்டது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. இரண்டு வருஷமாக ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவளும் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் முதலில் டாக்டர் வீட்டு அம்மாவின் கார் வந்து நின்றது. அந்த அம்மா இறங்கி, சாவகாசமாக இரண்டு கொடியை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தொட்டி வரிசைக்குப் பின்னால் புது வாட்ச்மேனோடு நின்றிருந்த இராமதாஸ், அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். கார் போயிற்று. கொஞ்ச நேரத்தில் சின்னப்பாப்பா ரோட்டைக் கடந்து வந்தாள். குஞ்சம்மாள் பார்த்தாள். வழக்கம்போல, "ஏய், அங்க தண்ணி பாய்ச்சு!" என்று குரல் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அலறல் கேட்டுத்தான் திரும்பினாள். வாட்ச்மேன் சின்னப்பாப்பாவின் கையை முறுக்கிப் பிடித்திருந்தான். இராமதாஸ் அவளை கேட்டுக்கு நடுவில், ரோடு பார்க்க, கையில் அந்தக் கொடியோடு நிற்கவைத்தான். "திருடியப் பாருங்க! நாலு பேரு போற ரோட்டுல திருட வர்றா, பாருங்க!" என்று கத்தினான். பஸ்சுக்கு நின்றவர்கள் வந்தார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கினார்கள். சின்னப்பாப்பாவின் கண் கூட்டத்தில் குஞ்சம்மாளைத் தேடியது.

குஞ்சம்மாள் மண்வெட்டியோடு பாய்ந்தாள். "கைய எடுடா! அவளுக்குச் சொன்னது நானு! ஏன்டா, காருல வந்தவளுக்குக் கும்பிடு, நடந்து வந்தவளுக்கு முறுக்கா? உன் மூஞ்சில கொள்ளி வைக்க!" இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தெய்வசிகாமணியைக் கூப்பிட்டாள். அவர் வெராந்தாவுக்கு வந்தார். சின்னப்பாப்பாவைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து சின்னப்பாப்பாவை அழைத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் ஒரு கொடிக்காகக் கேசு எழுத யாருக்கும் மனசில்லை. கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் தெரு கேசு எழுதிவிட்டது. அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் திருடி என்கிற பேர் வந்து சேர்ந்திருந்தது.

இராமதாஸ் நினைத்தது நடந்தது. அடுத்த நாள் சுவருக்கு முன்னைவிடக் கூட்டம். பயந்து பயந்து ஒடித்தார்கள், ஒடித்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஆயம்மா ஆள் அனுப்பினாள். போலீஸ் ஸ்டேஷன் ஏறின வீட்டில் பெண் எடுக்க இஷ்டமில்லை என்று வந்தவன் சொன்னான். கமலா அழவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

குஞ்சம்மாள் வேலைக்குப் போகாமல் நேராக ஆயம்மா வீட்டுக்குப் போனாள். நல்ல வார்த்தையாகத்தான் பேசவேண்டும் என்று வழியெல்லாம் தன்னை அதட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்து உட்காரும்போதே கண்ணில் பட்டது. ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் தளதளவென்று மணி பிளாண்ட்.

"இது எங்க வாங்கினது?"

ஆயம்மா தயங்கினாள். "வாங்கறதா? வாங்கினா வளருமா?"

"எங்க ஒடிச்சதுன்னு கேக்கறேன்."

"அதுக்கு இப்ப இன்னா?"

"எங்க சுவத்துல ஒடிச்சிட்டு வந்து இங்க ஜன்னல்ல வச்சிக்கினு, அதே சுவத்துல ஒடிச்சவள திருடின்னு சொல்ல உங்களுக்கு வாய் கூசல?"

ஆயம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "நான் மாட்டலியே. மாட்டினவதான் திருடி. ஊரு அப்படித்தான் பேசும், நான் இன்னா பண்ண முடியும்? என் பையனுக்கு நாளைக்கி ஆபீசுல எவனும் பல்லக் காட்டக் கூடாது. அந்த சொல்தாவே நாலு பேரு முன்னால இது திருட்டு இல்லன்னு சொல்லட்டும், நான் தாம்பாளத்த எடுத்துக்கினு வரேன்."

குஞ்சம்மாளுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வழி இருந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குப் போனாள்.

தெய்வசிகாமணி வெராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இராமதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற தோட்டக் காட்சிக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தான். பந்தல், மைக் செட், புல்தரை போட விரும்புகிறவர்களுக்குச் சலுகை. ஊரில் முக்கியமான வீடுகளுக்கெல்லாம் அழைப்பு போயிருந்தது.

"முசியே, ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்கதான் ஒடிக்கறதுக்குன்னு வச்சோம், அவ மேல தப்பில்லன்னு சொல்லுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்க."

"சொன்னா?" என்றான் இராமதாஸ். "அப்ப அது திருட்டு இல்ல, ஓசின்னு ஆகும். அப்புறம் எவ வருவா? நீ ஆரம்பிச்ச வியாபாரம்தானேம்மா இது, உனக்குத் தெரியாதா?"

"நான் உங்கிட்ட பேசல. முசியே, நீங்க சொல்லுங்க."

தெய்வசிகாமணி காப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குஞ்சம்மா, இப்பத்தான் ஓட்டல்காரங்க பெரிய புல்தரை கேட்டிருக்காங்க. இப்ப போய் சுவரு பொய்யினு சொன்னா புல்லும் பொய்யின்னுவாங்க. அந்தம்மாவுக்கு நல்ல ரோசாச் செடி ரெண்டு குடுத்துடு. நான் குடுத்ததா சொல்லு."

"ரோசாவா?" என்றாள் குஞ்சம்மாள். கத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்து அங்கிருந்து போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள், எத்தனை பேரைச் சிரிக்கவைத்து உள்ளே இழுத்திருக்கிறாள்! யுத்தத்துக்குப் போய் வந்தவருக்கு, தன் வாசலில் நின்ற ஒரு பொம்பளைக்காக வாயைத் திறக்க தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் இடம் இல்லை. புல்தரையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. டாக்டர் வீட்டு அம்மா, பங்களா வீட்டு அம்மாக்கள், ஓட்டல்காரர்கள், சாரத்திலிருந்தும் ஒரு கூட்டம். குஞ்சம்மாளுக்குப் பன்னீர் தெளிக்கிற வேலை. அவள் சொல்லியனுப்பி ஆயம்மாவும் ஒரு ஓரத்தில் வந்து நின்றிருந்தாள். சொல்லாமலே சின்னப்பாப்பாவின் புருஷனும் வந்திருந்தான். இராமதாஸ் மைக்கில் புல்லின் அருமை பெருமைகளைப் பேசினான். பேசி முடித்து ஓட்டல் முதலாளியை நாற்காலிக்கு அழைத்துக்கொண்டு போனான். மைக் தனியாக நின்றது. குஞ்சம்மாள் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டி, புல்லை மிதித்துக்கொண்டு நேரே போய் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்தச் சுவத்துல இருக்கிற கொடிய வச்சது நானு. நீங்க ஒடிச்சிக்கினு போவணும்னுதான் வச்சேன். நீங்க வரச்ச தண்ணி பாய்ச்சுன்னு கத்தறது, எல்லாரும் திரும்பிக்கங்கன்னு அர்த்தம். ரெண்டு வருசமா நீங்க ஒடிச்சதையெல்லாம் முதுகு காட்டிக்கினு பாத்துக்கினுதான் இருந்தோம். அங்க திருடினா துளிர்க்கும்னு கதை கட்டினதும் நானு. ஒங்கள உள்ள இட்டாந்து செடி விக்கத்தான் கட்டினேன்."

இராமதாஸ் ஓடிவந்தான். அவள் மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப்பாப்பாவ நான்தான் வரச்சொன்னேன். அவ எடுத்தது திருட்டுன்னா இங்க உக்காந்திருக்கிற அம்புட்டுப் பேரும் திருடிங்க. டாக்டரம்மா, நீங்க அன்னைக்கி ரெண்டு எடுத்தீங்க. ஒங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுத்தான் இந்தாளு அவ கைய முறுக்கினான். சுவத்துக்குக் கூட்டம் சேக்கறதுக்காக முறுக்கினான். நான் சொல்றது பொய்யின்னா முசியே எழுந்து சொல்லட்டும்!"

எல்லாத் தலையும் தெய்வசிகாமணி பக்கம் திரும்பின. பின்னாலிருந்து யாரோ, "நெசமாங்க முசியே?" என்று கேட்டார்கள். கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குஞ்சம்மாளின் காலுக்குக் கீழே நசுங்கிக்கிடந்த புல்லைப் பார்த்தார்.

"வுய்," என்றார். பிறகு எல்லாருக்கும் புரிய, "ஆமா. நெசம்தான். அந்தம்மா திருடல," என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வரும். இராமதாஸ் மேல் ஒருத்திக்கும் கோபம் வரவில்லை. அப்பாவியை ரோட்டில் நிற்கவைத்தானே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாக் கோபமும் குஞ்சம்மாள் மேல்தான். திருடி என்று சொன்னதற்காகக்கூட இல்லை. நாம் திருடினது திருட்டே இல்லையாமே, ரெண்டு வருஷமாகத் தண்ணீர் மாற்றி மாற்றி வளர்த்தது வெறும் ஓசியா என்றுதான் கோபம். டாக்டர் வீட்டு அம்மா எழுந்து காரில் ஏறிக் கதவை அறைந்தாள். அந்த வாரம் சாரத்துச் சாக்கடைகளில் மணி பிளாண்ட் மிதந்தது. பங்களா வீடுகளில் மதில் தாண்டி வந்து விழுந்தது. சில வீடுகளில் பாட்டிலோடு வந்து விழுந்தது.

பந்தல் பிரிக்கும்போதே தெய்வசிகாமணி அவளைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து வராத குஞ்சம்மா," என்றார்.

"நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன்," என்றாள்.

தோட்டம் அப்புறம் எழவில்லை. ஓட்டல்காரன் மட்டும் புல்தரை போட்டான். இராமதாஸ் மெட்ராசுக்கே திரும்பிப் போனான், அங்கே நன்றாகத்தான் இருந்தானாம். குஞ்சம்மாள் விடிகாலையில் தவளக்குப்பம் போய்க் கீரையும் கத்திரிக்காயும் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்றாள். பங்களாத் தெருக்களில் அவள் குரல் கேட்டதும் சில கதவுகள் மூடிக்கொண்டன. மூடின கதவுக்கு முன்னால் நின்று இன்னும் ஒருமுறை உரக்கக் கூவிவிட்டுத்தான் நகர்வாள். சாமிக்கண்ணு டீக்கடையை விட்டுவிட்டுத் தராசு தூக்க வந்தான். அது ஒன்றுதான் லாபம்.

ஆயம்மா சொன்ன சொல் தவறவில்லை. தாம்பாளத்தோடு வந்து பரிசம் போட்டாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் சின்னப்பாப்பா குஞ்சம்மாள் வீட்டுக்குள் வந்து, உட்காராமல் கதவோரமாக நின்றாள். கையில் பத்திரிகை இல்லை.

"யக்கா, கோவிச்சுக்காத. நீ கல்யாணத்துக்கு வர வேணாம்."

குஞ்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை.

"உன்னப் பாத்தா எல்லாருக்கும் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும். கேட்டு, கொடி, போலீசு, மைக்குன்னு ஆரம்பிச்சுடுவாங்க. மாப்பள வூட்டுக்காரங்களும் சங்கடப்படறாங்க. கமலாவும்..."

குஞ்சம்மாள் கீரைக்கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சந்து முழுக்கக் கேட்டது. "யாருக்குடி சங்கடம்? எவளுக்கு? உன் பேரக் காப்பாத்த என் சோத்துல நானே மண்ண அள்ளிப் போட்டேன்! ஊரு முழுக்க எனக்குக் கதவ மூடறாளுங்க! உனக்காகத்தானடி அந்த மைக்கப் புடிச்சேன்? உனக்கு நன்றி இருக்கா? நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

சின்னப்பாப்பா அழுதாள். ஆனால் பின்வாங்கவில்லை. பல நாளாக உள்ளேயே வைத்துச் சொல்லிப் பார்த்த மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்காகத்தான் புடிச்ச, தெரியும் யக்கா. நான் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா அந்தக் கேட்டுல நான் நிக்கச்ச எனக்கு உன் மேலதான் ஆத்தரம் வந்துச்சு. அந்தாளு மேலகூட இல்ல. அவன் யாரோ. நான் ஒண்ணு கொண்டாந்து குடுன்னுதான கேட்டேன்? நீ கொண்டாந்து குடுத்திருக்கலாம். நீயே வந்து ஒடிச்சிக்கோ, நான் திரும்பிக்கிறேன்னு சொன்ன. திரும்பிக்கிட்ட. நான் மாட்டிக்கிட்டேன்."

குஞ்சம்மாள் எதற்கும் பதில் வைத்திருக்கிறவள். முதலாளிக்கு, மருமகனுக்கு, டாக்டர் பெண்டாட்டிக்கு, ஊருக்கு என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னவள். குனிந்து, தள்ளிவிட்ட கீரைக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு சந்து தள்ளி மேளம் கேட்டது. சாமிக்கண்ணு சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தா, நீ கெளம்பலியா?"

"நீ போய்ட்டு வா."

"அவ அன்னைக்கி ஏதோ சொல்லிட்டான்னு இன்னும் வச்சிக்கினு இருக்கியா? நீ பண்ணினதுக்கு அவ அப்படிச் சொல்லலாமா? வா, நீ வந்தா எவ தடுக்கறான்னு பாக்கறேன்."

"அவ சொன்னது சரிதான்யா," என்றாள் குஞ்சம்மாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து சாமிக்கண்ணு கேட்டதே இல்லை. அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனான்.